மாவு இருந்துச்சு, ஊட்டுறதுக்கு கைதான் இல்ல: பென்னாகரம் பக்கம் ஒரு பாப்பாவோட கேஸ்

இது 2024ல நடந்தது. ஊர் பேரு சொல்லப்போறதில்ல, பென்னாகரத்துல இருந்து மலைப்பக்கமா பஸ் போய் நிக்கும், அதுக்கு மேல நடக்கணும், அப்படி ஒரு ஊருன்னு வெச்சுக்கோங்க. பாப்பாவோட அம்மாவ வீட்டுல எல்லாரும் 'சின்னவ'ன்னு கூப்பிடுறாங்க, நானும் அப்படியே எழுதுறேன். குழந்தைய பாப்பான்னு எழுதுறேன். நான் அந்த பக்கம் மகளிர் குழுக்களோட சேந்து தாய்மார் கூட்டம் நடத்துற ஆளு, டாக்டர் கிடையாது, அதனால மருத்துவ விஷயத்துல எனக்கு சொல்லித்தந்த அளவுதான் தெரியும்.

முதல்ல தராசு. மாசத்துக்கு ஒருவாட்டி குழு கூட்டம் நடக்குற புளியமரத்து கிளையிலயே தொங்கு தராசு கட்டி மூணு வயசுக்குள்ள இருக்குற பிள்ளைங்கள எல்லாம் எடை போடுவோம். பிள்ளைங்க அந்த துணிப்பைக்குள்ள காலை விட்டு தூக்கி மாட்டுன உடனே கத்தி ஊரைக்கூட்டும், உதைக்கும், முள்ளு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஆடிக்கிட்டே இருக்கும், நம்பர் படிக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். இந்த பாப்பா சும்மா தொங்குச்சு. அழல, காலை ஆட்டல, என் மூஞ்சிய மட்டும் பாத்துக்கிட்டே இருந்துச்சு. முள்ளு டக்குனு ஒரே இடத்துல நின்னுச்சு, 6.4 கிலோ. சுத்தி இருந்தவங்க "பாரேன் எவ்ளோ சமத்தா இருக்குது"ன்னு சிரிச்சாங்க. எனக்கு வயித்த கலக்கிடுச்சு, ஏன்னா அழுகுறதுக்கு கூட தெம்பு வேணும் இல்லையா.

பாப்பாவுக்கு அப்ப பதினாலு மாசம். அந்த வயசு பொம்பளப்புள்ள நடுவாந்திரமா 9.4 கிலோ இருக்கும், 6.6க்கு கீழ போனாலே கடுமையான எடைக்குறைவுல சேத்துடுவாங்க. கை சுத்தளவு நாடா போட்டோம், 11.2 சென்டிமீட்டர், சிவப்பு. 11.5க்கு கீழன்னா சிவப்பு, அதாவது ஆபத்து, 12.5 வரைக்கும் மஞ்சள், அதுக்கு மேல பச்சை, இதுதான் நாடா கணக்கு. ரெண்டு பாதத்துலயும் கட்டைவிரலால அழுத்தி பாத்தேன், குழி விழல, அதாவது வீக்கம் இல்ல, அதுவரைக்கும் நல்லது.

சின்னவளுக்கு வயசு 21. பதினேழுலயே கட்டிக்குடுத்துட்டாங்க. மொத பொண்ணுக்கு நாலு வயசு, பால்வாடி போகுது. வீட்டுக்காரர் பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை, பதினஞ்சு நாளைக்கு ஒருவாட்டி வருவார். ஒரு ஏக்கர் மானாவாரி, கேழ்வரகும் நிலக்கடலையும் போடுறாங்க, குழு லோன்ல வாங்குன மாடு ஒண்ணு, கண்ணுல புரை விழுந்த மாமியார். அவ்ளோதான் குடும்பம்.

இப்ப எல்லாரும் கேக்குற கேள்வி, அரசாங்கம் இவ்ளோ குடுக்குதே அதெல்லாம் இவங்களுக்கு வரலையான்னு. வந்துச்சு, அதுதான் இந்த கேஸோட விசேஷமே. இன்னும் சொல்லப்போனா தர்மபுரிக்காரங்களுக்கு திட்டம் எல்லாம் புதுசு இல்ல, மகளிர் சுய உதவிக்குழு தமிழ்நாட்டுல மொதமொதலா ஆரம்பிச்சதே 1989ல எங்க மாவட்டத்துலதான், 2023ல மகளிர் உரிமைத்தொகைக்கு விண்ணப்ப முகாம தொடங்கி வெச்சதும் எங்க தொப்பூர்லதான். இன்னொண்ணும் இருக்கு, அத சொல்ல கூச்சம்தான், பொம்பளப்புள்ளைய சாகவிட்ட மாவட்டம்னு பேர் வாங்கி, 1992ல சேலத்துல ஆரம்பிச்ச தொட்டில் குழந்தை திட்டத்த 2001ல எங்களுக்கும் நீட்டிச்சாங்க. ரெண்டாவதும் பொண்ணா பொறந்த வீட்டுக்குள்ள இன்னைக்கும் நான் நுழையும்போது மனசுல அந்த பழசு கொஞ்சம் ஓடத்தான் செய்யும். ஆனா இந்த வீட்டுல அப்படி இல்ல, மாமியார் பாப்பாவ மடியவிட்டு எறக்க மாட்டாங்க. அத முன்னாடியே சொல்லிடறேன், ஏன்னா கேஸ கேட்ட பாதி பேர் மாமியார் மேலதான் பழிய போட்டாங்க.

வீட்டுக்கு போய் பாத்தேன். அட்டாலியில சத்துமாவு பாக்கெட் நாலு இருந்துச்சு. ஒண்ணு பிரிச்சு ரப்பர்பேண்ட் போட்டது, மூணு பிரிக்காதது. ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வயசு வரைக்கும் ஒரு புள்ளைக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் கணக்குல குடுக்குறாங்க, அது கிட்டத்தட்ட 500 கலோரி, 12ல இருந்து 15 கிராம் புரதம், சும்மா இல்ல. மாவு வறுத்ததுதான், வெந்நி ஊத்தி பிசைஞ்சு உருண்டை புடிச்சா முடிஞ்சுது, அடுப்பு கூட வேணாம். "ஏம்மா இத குடுக்கல"ன்னு கேட்டதுக்கு மாமியார் "அது சூடு கண்ணு, பேதி புடுங்குது"ன்னாங்க, சின்னவ ஒண்ணும் பேசல.

ஒரு நாள் முழுக்க அவ கூடயே இருக்கறதுன்னு முடிவு பண்ணேன், அந்த ஒரு நாள் எனக்கு பத்து ட்ரெய்னிங்ல சொல்லித்தராதத சொல்லித்தந்துச்சு. அஞ்சு மணிக்கு எழுந்து சாணி வழிச்சு, பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்திட்டு வந்து, களி கிண்டி, பெரியவள குளிப்பாட்டி பால்வாடிக்கு கெளப்பி, எட்டரைக்கு புளி தட்டுற வேலைக்கு போயிட்டா. அது புளி சீசன், எங்க பக்கம் மாசி பங்குனியில பாதி வீட்டு பொம்பளைங்க புளி தட்டி ஓடு நார் கொட்டை எடுக்குற வேலைக்குத்தான் போவாங்க, தட்டுற கணக்குக்குத்தான் கூலி, நடுவுல எழுந்து வந்தா அந்த கூலி போச்சு. போறதுக்கு முன்னாடி பாப்பாவுக்கு தாய்ப்பால் குடுத்துட்டு போனா. பத்து மணிக்கு பாட்டி டீயில நனைச்சு ரெண்டு பிஸ்கட். ஒரு மணிக்கு கஞ்சி, அந்த கஞ்சிய நான் கிட்ட இருந்து பாத்தேன், ஒரு சொம்பு தண்ணியில சத்துமாவு ரெண்டு ஸ்பூன், பால்புட்டியில ஊத்தி குடுக்குறதுக்கு தோதா தண்ணியா கரைச்சு, ரப்பர் அடைச்சுக்கக்கூடாதுன்னு அதையும் துணியில வடிகட்டி. கண்ணு சரியா தெரியாத பாட்டி ஸ்பூன்ல ஊட்டுனா மூக்குல போயிடும்னு பயம், அதான் புட்டி. அவங்களுக்கு தெரிஞ்ச பாதுகாப்பு அது. அந்த புட்டிய கழுவுறதும் அதே கண்ணுதான், பேதி மாவுல இருந்து வரல, புட்டியில இருந்து வந்துச்சு. அஞ்சு மணிக்கு சின்னவ வந்து திரும்ப தாய்ப்பால், ராத்திரி களியில ஒரு சின்ன துண்டு கீரைக்கடைசல் தொட்டு.

எண்ணி பாத்தா கெட்டியான சாப்பாடு கையால ஊட்டுனது அன்னைக்கு பூரா ஒரே ஒரு வாட்டி. தாய்ப்பால் குடிக்கிற ஒரு வயசு தாண்டுன புள்ளைக்கு மூணு நாலு வேளை சாப்பாடு, நடுவுல ஒண்ணு ரெண்டு நொறுக்குன்னு இருக்கணும். அந்த வயித்துக்கு ஒரே நேரத்துல கொஞ்சம்தான் போகும், அதனால திரும்பத் திரும்ப உக்காந்து ஊட்டணும். ஒவ்வொரு வாயா ஊட்ட நேரம் புடிக்கும்னா ஒரு நாளைக்கு எவ்ளோ மணி நேரம்னு கணக்கு போட்டுக்கோங்க. சின்னவ அந்த நேரத்தத்தான் கூலிக்கு வித்துக்கிட்டு இருந்தா. அவ விக்கலைன்னா அன்னைக்கு மளிகை இல்ல.

பால்வாடில ஏன் விடலன்னா, எங்க பக்கம் ரெண்டு வயசு ஆனாத்தான் உக்காரவெச்சு சோறு போடுவாங்க, மதியம் சூடான சாப்பாடு, வாரத்துக்கு மூணு முட்டை, பெரியவ நல்லாத்தான் இருக்கா. ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வயசு வரைக்கும் வீட்டுக்கு மாவு பாக்கெட்தான். புள்ளை படக்குனு எளைக்கிறது அந்த ஒன்றரை வருஷத்துலதான், அப்பத்தான் ஊட்ட ஆள் வேணும், அந்த நேரம் பாத்து நாம பாக்கெட்ட குடுத்துட்டு திரும்பிடறோம். தமிழ்நாடு முழுக்க 2019-21 தேசிய குடும்ப நல சர்வேல அஞ்சு வயசுக்குள்ள 14.6 சதவீதம் புள்ளைங்க உயரத்துக்கு ஏத்த எடை இல்லாம இருந்துச்சு, நல்லா நடக்குற மாநிலம்னு பேர் வாங்குன நமக்கே இந்த நிலைமை.

ஆஸ்பத்திரி கதைய சீக்கிரம் சொல்லி முடிச்சுடறேன். நர்ஸம்மா பாத்துட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்குடுத்தாங்க, சத்துக்குறைவு புள்ளைங்கள ரெண்டு வாரம் வெச்சு பாக்குற வார்டுல சேத்தோம். விசேஷமா கலக்குற பால், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா, நைட்டும் எழுப்பி குடுக்கணும். பாப்பா நாலாவது நாள் தலைய தூக்கி சிரிச்சுது. ஆறாவது நாள் 6.6 கிலோ. அன்னைக்கு சாயங்காலம் சின்னவ யாருக்கும் சொல்லாம புள்ளைய தூக்கிக்கிட்டு ஊருக்கு வந்துட்டா. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல, போன்ல கத்திட்டேன் கூட. அப்பறம் தெரிஞ்சுது, பெரியவளுக்கு காய்ச்சல், மாடு ரெண்டு நாளா கறக்க விடல, மாமியார கீழ தள்ளிடுச்சு. அவ வராம என்ன பண்ணுவா. வந்த பத்து நாள்ல பேதி ஆகி 6.3க்கு எறங்கிடுச்சு. உப்பு சர்க்கரை கரைசலும் பதினாலு நாளைக்கு துத்தநாக மாத்திரையும் குடுத்து புட்டிய மட்டும் கண்டிப்பா தூக்கி போட வெச்சோம். புட்டிய பாட்டி ரெண்டுவாட்டி குப்பைமேட்டுல இருந்து எடுத்துட்டு வந்தாங்க, அது தனி கூத்து.

அதுக்கப்பறம்தான் குழு கூட்டத்துல அந்த பேச்சு வந்துச்சு. ரொம்ப நாளா கடன், தவணை, கையெழுத்து இதுதான் கூட்டம். அன்னைக்கு ஒரு வயசான அம்மா சொன்னாங்க, "நாங்கெல்லாம் களை வெட்ட போறப்ப மரத்துல தூளி கட்டி ஒருத்திய காவலுக்கு உக்கார வெச்சுட்டு போவோம், அவளுக்கும் கூலியில பங்கு குடுப்போம், இப்ப ஏன் அத விட்டீங்க"ன்னு. உண்மையில இது அப்ப சட்டத்துலயே இருந்துச்சு, நூறு நாள் வேலையில ஒரு எடத்துல ஆறு வயசுக்குள்ள அஞ்சு புள்ளைங்களோ அதுக்கு மேலயோ இருந்தா அதுங்கள பாத்துக்க ஒரு பொம்பளைய தனியா போடணும், அவங்களுக்கும் கூலி உண்டுன்னு. எங்க ஊர்ல போய் கேட்டப்ப வேலை எடத்துல பொறுப்பா இருந்தவர் "அப்படி ஒண்ணு இருந்தா எனக்கு தெரியாதா"ன்னு கேட்டார், மூணு வாரம் கழிச்சு ஒத்துக்கிட்டார், ஆனா வேலை நடக்குற நாளுக்கு மட்டும்தானே அது, மத்த நாளுக்கு?

மத்த நாளுக்கு பிள்ளை வீடுன்னு ஒண்ணு ஆரம்பிச்சோம். பேர் பெருசா இருக்கு, எடம் என்னவோ பூட்டிக்கெடந்த ஒரு பஞ்சாயத்து ரூம். குழுல இருந்து ரெண்டு பேர் முறை வெச்சு காலைல எட்டரைல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும். ஒவ்வொரு வீடும் நாளைக்கு பத்து ரூபா, வாரத்துக்கு ஒரு படி கேழ்வரகோ கடலையோ, அவங்கவங்க வீட்டு சத்துமாவு பாக்கெட்ட அவங்கவங்களே கொண்டாரணும், அட்டாலியில தூங்கறதுக்கு பதிலா. பாக்குறவங்களுக்கு கூலி அந்த பத்து ரூபாய்ல வராது, குழு சேமிப்புல இருந்து மீதிய போட்டோம், அது எத்தனை நாளைக்கு தாங்கும்னு இப்பவும் சண்டை நடக்குது. பத்து ரூபாயும் எல்லாருக்கும் லேசு இல்ல, அப்ப உரிமைத்தொகை மாசம் ஆயிரம் ரூபா ஒரு ரேஷன் கார்டுக்கு ஒருத்தருக்குத்தான், சின்னவ மாமியார் கார்டுலயே இருந்தா, பணம் மாமியாருக்கு வந்துச்சு. மாமியார் அதுல இருந்து எடுத்து குடுத்தாங்க, பழி போட்டவங்க இதையும் எழுதிக்கோங்க.

மொத மாசம் மூணு புள்ளைதான் வந்துச்சு. ஏன்னு யாரும் வாய் திறந்து சொல்லல, ஆனா எனக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும், யாரு சமைக்கிறாங்கங்கறதுதான் பிரச்சனை. ஊர்ல ரெண்டு தெரு. மேல்தெரு புள்ளைங்களுக்கு கீழ்தெரு அம்மா ஊட்டுறதான்னு. இத தீத்துட்டோம்னு எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது என்னன்னா சமையல் முறையையும் ஊட்டுற முறையையும் ரெண்டு தெருவுக்கும் மாத்தி மாத்தி போட்டோம், புளி வேலை மும்முரமானப்ப வேற வழியில்லாம ஒண்ணொண்ணா வந்துச்சுங்க, ஏழு ஆச்சு, அப்பறம் பதினொண்ணு. ரெண்டு வீட்டுல இருந்து மட்டும் இன்னும் டிபன் பாக்ஸ்ல தனியா வருது.

சாப்பாட்டுல புதுசா ஒண்ணும் பண்ணல. கேழ்வரகு கூழ கெட்டியா, எவ்ளோ கெட்டின்னா கரண்டிய சாய்ச்சா ஊத்தக்கூடாது, மெதுவா வழுக்கி விழணும். அதுல வறுத்து பொடிச்ச கடலை ஒரு ஸ்பூன், ஒரு ஸ்பூன் எண்ணெய். பதினோரு மணிக்கு சத்துமாவு உருண்டை, மூணு மணிக்கு வெந்த முட்டையோ மசிச்ச வாழைப்பழமோ. எண்ணெய்ய பாத்துட்டு எல்லா பாட்டிங்களும் "சளி புடிக்கும்"னாங்க, சின்ன வயித்துல நெறைய சத்து ஏத்தணும்னா எண்ணெய் இல்லாம முடியாதுன்னு நான் நூறுவாட்டி சொன்னத விட, பாப்பாவோட கன்னம் லேசா உப்ப ஆரம்பிச்சது அதிகமா வேலை செஞ்சுது. முக்கியமா ஒரு தட்டுக்கு ஒரு புள்ளை. பொது தட்டுல வெச்சா வேகமா தின்னுறதுதான் ஜெயிக்கும், பாப்பா மாதிரி மெதுவா மெல்லுறதுக்கு ஒண்ணும் கிடைக்காது.

எடை கணக்க சொல்லிடறேன். பிள்ளை வீட்டுக்கு வந்தப்ப 6.3. ஒரு மாசத்துல 6.9, நர்ஸம்மா மூலமா வந்த சிறப்பு சத்துணவும் அதுல சேத்தி. 2022 மே மாசம் ஊட்டில ஆரம்பிச்ச ஊட்டச்சத்தை உறுதி செய் திட்டம் வந்தப்பறம் இப்படிப்பட்ட புள்ளைங்கள தேடி கணக்கெடுக்குற வழக்கம் கொஞ்சம் கெட்டியாச்சு, அத மறுக்க மாட்டேன். ரெண்டாவது மாசம் 7.2. மூணாவது மாசம் ஒரு கிராம் கூட ஏறல, அம்மை போட்டுடுச்சு. அஞ்சாவது மாசம் 7.9 கிலோ, நாடா 12.4. பச்சைக்கு ஒரு மில்லிமீட்டர் மேல பாக்கி. அன்னைக்கு தராசுல மாட்டுனப்ப கத்துன கத்துல என் காதே அடைச்சுக்கிச்சு.

சரி, இதுல எது வேலை செஞ்சுதுன்னு கேட்டா, என் கணக்குல அந்த எட்டு மணி நேரம்தான். மாவும் அதே மாவு, பாட்டியும் அதே பாட்டி. மாறுனது ஊட்டுறதுக்கு ஒரு கை, அந்த கைக்கு ஒரு கூலி. இத நாங்க கண்டுபுடிச்சதா பீத்திக்கல, அரூர் பக்கம் சிட்லிங்கில 1993ல ரெஜி ஜார்ஜ், லலிதான்னு ரெண்டு டாக்டருங்க வந்து ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆரம்பிச்சப்ப, அங்க பொறக்குற ஆயிரம் புள்ளைல நூத்தம்பதுக்கு பக்கத்துல ஒரு வயசுக்குள்ள செத்துக்கிட்டு இருந்துச்சு. அவங்க மலைவாசி பொண்ணுங்களுக்கே பயிற்சி குடுத்து ஊர் ஊரா போக வெச்சு அத இருபது பக்கம் எறக்குனாங்க. ஆஸ்பத்திரிய மட்டும் கட்டிட்டு உக்காந்திருந்தா அது எறங்கி இருக்காது, அந்த பொண்ணுங்க வீட்டு வாசல் வரைக்கும் போனாங்க, அவங்களுக்கு சம்பளமும் இருந்துச்சு. நம்ம பக்கம் அங்கன்வாடி டீச்சர் ஒருத்தங்களே சோறு, பாடம், மாவு, எடை, இந்த கணக்கையெல்லாம் போன்ல ஏத்துற போஷன் ட்ராக்கர் ஆப்புன்னு எல்லாத்தையும் இழுக்கணும், இதுல வீட்டு வீட்டுக்கு போய் ஊட்டுறத பாருன்னா எப்படி பாப்பாங்க. அங்கன்வாடியோட காப்பகமும் சேத்து நடத்துற பால்னா திட்டம்னு ஒண்ணு 2022ல இருந்து இருக்கு, எங்க ஊருக்கு அது வந்தா நாங்க சாவிய குடுத்துட்டு போயிடுவோம்.

எங்க தப்பையும் எழுதணும். ஆஸ்பத்திரியில சேத்தப்பவே மாடு யாரு கறக்குறது, பெரியவள யாரு பாக்குறதுன்னு கேட்டிருக்கணும், புள்ளைய சேத்துட்டோம்னு கைய தட்டிக்கிட்டு வந்துட்டோம். அதுக்கப்பறம் அந்த வார்டுக்கு அனுப்புன இன்னொரு தாய்க்கு மொதல்ல மாட்டுக்கு ஆள் போட்டோம், அவ பதினாலு நாளும் இருந்தா.

இன்னொரு பாக்கி, பணம். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல ரெண்டு பிரசவத்துக்கு 18,000 உண்டு, 14,000 பணம், 4,000க்கு ரெண்டு ஊட்டச்சத்து பெட்டகம். மொத பிரசவத்தப்ப சின்னவளுக்கு வயசு பத்தொன்பது ஆகல, அதனால கிடையாது, வயசு வெளிய தெரிஞ்சா கேஸ் ஆயிடும்னு அஞ்சு மாசம் வரைக்கும் நர்ஸம்மா கண்ணுலயே படாம மறைச்சு வெச்சிருந்தாங்க. ரெண்டாவதுக்கு மொத தவணையும் பெட்டகமும் வந்துச்சு. குழந்தை பொறந்து ரெண்டு மாசத்துல வீட்டுக்காரர் கூட பெங்களூர்ல கட்டட வேலைக்காரங்க தங்குற ஷெட்டுக்கு போயிட்டா, தடுப்பூசிய அங்கேயே போட்டா, அத கர்நாடகாவோட தாய்-சேய் அட்டையான தாயி கார்டுல எழுதுனாங்க. இங்க கம்ப்யூட்டர்ல போட்டதா பதிவு இல்ல, பதிவு இல்லன்னா அடுத்த தவணை இல்ல. புள்ளையோட தொடையில ஊசி போட்டது நெசம், கார்டுல சீல் இருக்கறது நெசம், ஆனா கன்னடத்துல இருக்கு. நாலுவாட்டி அலைஞ்சோம். ஒவ்வொருவாட்டியும் "இத அடுத்த வாரம் ஏத்திடறோம்"னுதான் பதில்.

தை பொறந்ததும் சின்னவ ரெண்டு புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு திரும்ப பெங்களூர் போயிட்டா, மாமியார் கண் ஆபரேஷன் முடிஞ்சு அவங்களும் கூட. போகும்போது ஒரு நாடா குடுத்தனுப்பிச்சேன், போஷன் ட்ராக்கர்ல பேர மாத்தி விட டீச்சர்கிட்டயும் சொன்னோம், ஒரு அங்கன்வாடில இருந்து இன்னொண்ணுக்கு, வேற மாநிலத்துக்கு கூட மாத்தலாம், ஆனா அங்க எந்த சென்டர்னு தெரியணும். போன வாரம் சின்னவ போன் பண்ணா, "அக்கா, இங்க ஷெட்டுல இன்னும் நாலு புள்ளைங்க இருக்குது, ரெண்டு மஞ்சள், ஒண்ணு சிவப்புல நிக்குது, எங்க கூட்டிட்டு போறது?" அது எந்த வார்டு, எந்த ஏரியான்னு அவளுக்கு சொல்லத் தெரியல. வாட்ஸப்ல லொகேஷன் அனுப்புன்னேன், அனுப்பிட்டா. மேப்ல பாத்தா பாதி கட்டுன அபார்ட்மெண்ட்டும் ஒரு ஏரியும்தான் தெரியுது. கன்னடம் பேசத்தெரிஞ்ச ஆள் எங்க குழுல ஒருத்தங்க இருக்காங்க, அவங்கதான் இப்ப அந்த பக்கத்து அங்கன்வாடி டீச்சர் நம்பர தேடிக்கிட்டு இருக்காங்க.